செம்மண், கரிசல், கிளுவை முள்!

கோவையிலிருந்து எந்தத் திசையில் சைக்கிளைத் திருப்பினாலும், கொஞ்ச நேரத்தில் பாதையின் குணம் மாறிவிடும். மேற்கே போனால் சாரலும் ஈரத் தார் ரோடும். கிழக்கே பல்லடம் பக்கம் கரிசல் சேறு. இன்னும் தள்ளிக் காங்கயம் போனால் முள். போதாக்குறைக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வேறு!

இத்தனைக்கும் ஈடுகொடுக்கிற வண்டி ஒன்று நம்மில் பலர் வீட்டு வாசலிலேயே தூசி படிந்து நிற்கிறது. பையன் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிய கியர் சைக்கிள்தான்! அவன் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போனதும் அது துண்டு உலர்த்தும் கொடியாகிவிட்டது.

"அதையெல்லாம் நாம ஓட்ட முடியுமா?" என்று தயங்காதீர்கள், சகோதரிகளே. 1990களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கத்தின்போது, புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். ஆண்கள் சைக்கிளையே விரும்பி வாங்கியவர்களும் உண்டு. முன்னால் உள்ள பாரில் குழந்தையை உட்கார வைக்கலாமாம்!

மலைப்பாதைக் கியர் சைக்கிளின் பூர்வீகமும் கேட்கச் சுவையானது. 1970களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் சில இளைஞர்கள், தடித்த டயர் போட்ட பழைய சைக்கிள்களை மலைமேல் ஏற்றி, மண் பாதையில் இறங்கி விளையாடினார்கள். இறங்குவதற்குள் பின் சக்கரத்து பிரேக் சூடேறி, உள்ளே இருந்த கிரீஸ் எல்லாம் புகைந்து போய்விடும். ஒவ்வொரு தடவையும் புது கிரீஸ் அடைக்க வேண்டும். அந்தப் பாதைக்கே 'ரீபேக்', அதாவது 'மறுபடி அடைப்பது', என்று பெயர் வந்துவிட்டது. 1976-ல் அங்கே பந்தயமும் ஆரம்பமானது. பிறந்த நாளிலிருந்தே பராமரிப்பு கேட்கிற வண்டி இது!

மேற்கே: ஈரமும் இறக்கமும்

எங்கள் வீட்டு சைக்கிளைத் தெருமுனைக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். பெரியவர் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கியரைப் பொறவு பாத்துக்கலாமுங்க அம்மிணி. மொதல்ல நிக்கறதுக்கு வழி பண்ணோணும். ஓடறது தானா ஓடுமுங்க."

அவர் சொன்னதன் அருமை சிறுவாணி ரோட்டில் தெரிந்தது. பேரூர் பட்டீசுவரர் கோயிலைத் தாண்டி, மாதம்பட்டி, ஆலாந்துறை என்று போகப் போகப் பாக்குத் தோப்பும் வாழையுமாகக் கண் குளிர்கிறது. ஆனி, ஆடியில் வெள்ளியங்கிரி மலைப் பக்கமிருந்து சாரல் அடிக்கும். ரிம் நனைந்தால் பிரேக் உடனே பிடிக்காது. நிறுத்த வேண்டிய இடத்துக்கு நன்றாக முன்னாலேயே பிரேக்கை இரண்டு முறை லேசாகத் தொட்டு ஈரத்தைத் துடைத்துவிட வேண்டும். பளபளக்கும் இரும்பு ரிம்மைவிட அலுமினிய ரிம் ஈரத்தில் பல மடங்கு நன்றாகப் பிடிக்கும். ரிம் மாற்ற நேர்ந்தால் இதை மனதில் வையுங்கள்.

பிரேக் கட்டையில் குறுக்கே வெட்டிய கோடுகள் இருக்கும். அவை தேய்ந்து மறைந்தால் கட்டையை மாற்றிவிடுங்கள். டிஸ்க் பிரேக் என்றால் அந்தத் தட்டில் ஒரு சொட்டு எண்ணெயும் படக்கூடாது.

இன்னொரு எச்சரிக்கை. இருட்டுப்பள்ளம், சாடிவயல் பக்கமெல்லாம் யானை நடமாட்டம் உண்டு. விடிகாலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் அங்கே சைக்கிள் வேண்டவே வேண்டாம்.

கிழக்கே: சேறும் செயினும்

சூலூர், பல்லடம் பக்கம் செம்மண்ணும் கரிசலும் மாறி மாறி வரும். ஐப்பசி மழையில் கரிசல் மண் பிசைந்த மாவு மாதிரி டயரில் அப்பிக்கொள்ளும். மட்கார்டு டயரை ஒட்டி இருந்தால் சக்கரமே சுற்றாது. இரண்டு விரல் இடைவெளி விட்டு, அகலமான பிளாஸ்டிக் மட்கார்டு போடச் சொல்லுங்கள்.

டயர் ஓரத்தில் காற்றின் அளவு அச்சிட்டிருக்கும். குறைந்த அளவு, கூடிய அளவு என்று இரண்டு எண்கள். தார் ரோட்டுக்குக் கூடிய அளவை ஒட்டியும், மண் பாதைக்குக் குறைந்த அளவை ஒட்டியும் அடிக்கலாம். முழுக்க முள்ளு முள்ளாக இருக்கும் டயர் தார் ரோட்டில் கால் வலிக்க வைக்கும். நடுவில் வழவழப்பும் ஓரங்களில் பல்லும் உள்ள டயர்தான் நம் ஊருக்குச் சரி.

செயினுக்குத் தேங்காய் எண்ணெய், சமையல் எண்ணெய் போடாதீர்கள். பிசுக்கேறி மண்ணை ஒட்ட வைக்கும். தையல் மெஷின் எண்ணெய் பிரேக் கம்பிக்கு நல்லது. செயினுக்குப் போட்டால் மழையில் சீக்கிரம் கழுவிக்கொண்டு போய்விடும். செயினுக்கென்று விற்கும் எண்ணெயைக் கண்ணிக்கு ஒரு சொட்டு விட்டு, பழைய துணியால் மேலே துடைத்துவிட்டால் போதும்.

செயின் தேய்ந்ததா என்று பார்க்கத் தையல் ஸ்கேலே போதும். ஓர் ஆணியின் நடுவிலிருந்து அளந்தால், புதுச் செயினில் 12 அங்குலத்தில் இன்னோர் ஆணியின் நடு மிகச் சரியாக வரும். அரைக்கால் அங்குலம் தள்ளிப்போயிருந்தால் செயின் பல்சக்கரத்தையும் சேர்த்துத் தின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

காங்கயம்: முள்ளும் காற்றும்

காங்கயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகளைப் பார்த்திருக்கிறீர்களா? சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரம், கொழுக்கட்டைப் புல், மேயும் காங்கயம் மாடு... அழகோ அழகு! ஆனால் வேலியை வெட்டிவிட்ட நாளில் வண்டித்தடமெல்லாம் முள்.

அந்தப் பக்கத்தில் என் உறவுக்காரப் பெண் ஒருத்தி கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்வந்தாள். பின் டயர் பஞ்சர். கடைக்குத் தள்ளிப் போக வீட்டில் யாருக்கும் நேரமில்லை. சைக்கிள் நின்றது, வகுப்பும் நின்றது. மூன்று மாதம்! பிறகு ஒரு மதியத்தில் உப்புத்தாள், சொல்யூஷன், ரப்பர் துண்டு, ஒரு பேசின் தண்ணீர் வைத்துக்கொண்டு அவளே ஒட்டப் பழகினாள். இன்றைக்கு அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும் அவள்தான் ஒட்டிக் கொடுக்கிறாள்.

டியூபை ஒட்டினால் மட்டும் போதாது. முள் முனை டயருக்குள்ளேயே நிற்கும். விரலால் தடவிக் குத்திக்கொள்ளாமல், ஒரு கொத்துப் பஞ்சை உட்புறமாகச் சுற்றி இழுத்துப் பாருங்கள். முள் இருக்கும் இடத்தில் பஞ்சு மாட்டிக்கொள்ளும். கோவை ஜில்லாவில் பஞ்சுக்கா பஞ்சம்!

எதிர்காற்றில் பெரிய கியர் போட்டு மல்லுக்கட்டாதீர்கள், முழங்கால்தான் கெடும். சின்னக் கியரில் லேசாக, வேகமாக மிதியுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் சற்றே மடங்கும்படி சீட் உயரம் இருக்கட்டும். பிரசவத்துக்குப் பின் எப்போது ஓட்டலாம் என்பதை உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எதற்கு முதலில் செலவு?

முதலில் பிரேக். அடுத்து டயர். மூன்றாவது பின் சக்கரத்துக்கு வலை, செயினுக்கு மூடி. கியர் சைக்கிளில் இவை இருப்பதில்லை. துப்பட்டா சிக்கினால் உயிருக்கே ஆபத்து. பின்னால் உட்கார்ந்த குழந்தையின் பாதம் கம்பிக்குள் போனால் சதையே கிழியும். குழந்தையை ஏற்றுவதென்றால் கால் வைக்கத் தடுப்புள்ள சீட் கட்டாயம். நான்காவது முன்னும் பின்னும் விளக்கு. கியரை மேம்படுத்துவது கடைசியில்தான். மேடு ஏற முடியவில்லை என்றால், பின்னால் 28 பல் உள்ள பெரிய சக்கரத்துக்குப் பதில் 34 பல் உள்ளதை மாட்டலாம். உங்கள் சைக்கிளின் கியர் கருவி அதை ஏற்குமா என்று கடைக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

வாரத்தில் ஒரு மாலை, கால் மணி நேரம் ஒதுக்கினால் போதும். காற்று, பிரேக், செயின், முள். இந்த நான்கையும் உங்கள் பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பாருங்கள். பஞ்சர் ஒட்டத் தெரிந்த பெண், யாருக்கு எப்போது நேரம் வரும் என்று வாசலில் காத்து நிற்க மாட்டாள்.