ஐந்தாவது நகர்த்தல்



நேற்று என் பேரனிடம் செஸ்ஸில் தோற்றேன். அவனுக்கு 12 வயது. நான் 20 நகர்த்தல்கூடத் தாங்கவில்லை.

எனக்குக் கறுப்புக் காய். ஆட்டம் முடிந்ததும், "ராஜாவை நடுவுக்குக் கொண்டு போனதுதான் தப்பு" என்று நானே தீர்ப்புச் சொல்லிவிட்டுக் காய்களை டப்பாவில் போடப் போனேன். அவன் விடவில்லை. எல்லா நகர்த்தலையும் நோட்டில் எழுதி வைத்திருந்தான். "முதல்லேர்ந்து பாக்கலாம் தாத்தா" என்றான்.

பார்த்தோம். அவனுடைய குதிரை எஃப்7 சிப்பாயை வெட்டி, என் ராணியையும் யானையையும் ஒரே நேரத்தில் குறிவைத்தது. அதை ராஜாவால் வெட்டினேன். உடனே அவன் ராணி வந்து செக் வைத்தது. டி5 கட்டத்தில் நின்ற என் குதிரைக்கும் ஆபத்து. அதைக் காப்பாற்றத்தான் ராஜா நடுவுக்குப் போனது.

"அந்த இடத்துல அதுதான் நல்ல மூவ் தாத்தா. தப்பு அதுக்கு முன்னாடியே நடந்துபோச்சு" என்று 5ஆவது நகர்த்தலைக் காட்டினான். அவன் சிப்பாய் வெட்டியதும் யோசிக்காமல் குதிரையால் திருப்பி வெட்டியிருந்தேன். அதற்குப் பதில், இன்னொரு குதிரையை ஓரத்துக்கு நகர்த்தி அவன் பிஷப்பை விரட்டியிருக்க வேண்டுமாம். இந்தத் தாக்குதலுக்கு ஃப்ரைட் லிவர் அட்டாக் என்று பெயராம். "ஈரல் வறுவலா?" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தான்.

ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பல வருடங்களுக்கு முன் ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்த ஒரு பையன் நினைவுக்கு வந்தான். வகுத்தலில் எப்போதும் விடை தப்பாக வரும். சிவப்பு மையில் சுழித்துவிட்டுப் பத்துத் தடவை எழுதச் சொல்வேன். எழுதுவான். பத்தும் தப்பாகவே இருக்கும்.

பிறகு ஒருநாள் அவன் பழைய நோட்டைப் புரட்டினேன். வகுத்தல் அவனுக்குத் தெரிந்தே இருந்தது. கடன் வாங்கிக் கழிக்கத்தான் தெரியவில்லை. 408ஐ 12ஆல் வகுக்கும்போது, 40இல் 36 போக மீதி 16 என்று எழுதியிருந்தான். மேலே பூஜ்ஜியம் இருந்தால் கீழே உள்ள எண்ணை அப்படியே இறக்கிவிடுவான். சின்ன வகுப்பிலேயே பிடித்திருக்க வேண்டிய தவறு. அரைமணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் நானே சரிசெய்திருப்பேன். ஆனால் அந்த நோட்டை நான் புரட்டியபோது, அவன் பள்ளியை விட்டு நின்று இரண்டு மாதம் ஆகியிருந்தது.

இன்று சாயங்காலம் மறுபடி ஆடினோம். அதே ஆட்டம். அவன் சிப்பாய் வெட்டியதும் என் கை தானாகவே குதிரையிடம் போனது. இழுத்துக்கொண்டேன். இன்றும் தோற்றேன்தான், ஆனால் 34 நகர்த்தல் தாங்கினேன்.

பணியில் இருக்கும் ஆசிரியத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். விடையைச் சுழிக்கும் முன், பிள்ளை எந்த வரியில் தவறினான் என்று ஒருமுறை மேலே போய்ப் பாருங்கள்.