மலை இல்லாத ஊரில் ஒரு மேரு

ஜாவாத் தீவின் நடுவே, கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில், தியெங் என்றொரு மலைச்சமவெளி உண்டு. தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு தென்கிழக்காசிய மலையூர்களைச் சுற்றிவரும் இளைஞர்கள், சூரியோதயம் காண்பதற்கென்று விடியற்குளிரில் நடுங்கியபடி அங்கே ஏறுகின்றனர். நிலத்தின் பிளவுகளிலிருந்து கந்தக ஆவி எழுகிறது. சுற்றிலும் உருளைக்கிழங்குத் தோட்டங்கள். மூடுபனி விலகும்போது அவற்றினிடையே சின்னஞ்சிறு சிவாலயங்கள் புலப்படுகின்றன. அர்ச்சுனன் கோயில், பீமன் கோயில், புந்ததேவன் கோயில் என்று அவற்றுக்குப் பிற்காலத்து மக்கள் பெயரிட்டனர். புந்ததேவன் என்பது அந்நாட்டில் தருமருக்கு வழங்கும் பெயர். அங்குக் கிடைத்த கல்வெட்டு ஒன்றின் காலம் கி.பி. 809. அப்போது காஞ்சியில் தந்திவர்ம பல்லவன் அரசாண்டுகொண்டிருந்தான்.

அந்தப் பயணிகள் செல்லும் வழியெல்லாம் மலையும் தெய்வமும் பிரியாமலே நிற்கின்றன. பாலித் தீவில் ஆகுங் எரிமலையின் சரிவிலுள்ள பெசாகி ஆலயத்தில், பனைநார்க் கூரைகள் அடுக்கடுக்காக உயரும் கோபுரங்களுக்கு ‘மேரு’ என்றே பெயர். லாவோஸ் நாட்டின் வாட் பூ ஆலயத்துக்குப் பின்னே உயரும் மலையின் சிகரம் இலிங்க வடிவில் அமைந்ததால், பண்டையோர் அதை லிங்கபர்வதம் என்றனர். அந்நாடுகளில் இறைவனுக்கு இருப்பிடம் தேடியவர்களுக்கு மலைகள் தாமே எதிரே நின்றன.

காஞ்சிபுரத்திலிருந்து தெற்கே சுமார் 30 கி.மீ. தொலைவிலுள்ள உத்திரமேரூரில் அப்படி ஒன்றும் எதிரே நிற்கவில்லை. நெல்வயலும் ஏரியும் பனைமரமுமாகப் பரந்த சமநிலம் அது. ஆயினும் ஊரின் பெயரிலேயே மேரு இருக்கிறது. உத்தரமேரு என்றால் வடமேரு. எட்டாம் நூற்றாண்டில் நந்திவர்ம பல்லவமல்லன் காலத்தில் வேதியர்க்கு அளிக்கப்பட்ட சதுர்வேதிமங்கலமாக இவ்வூர் எழுந்தபோது, இல்லாத மலையைப் பெயரில் வைத்தார்கள். பின்னர் அதைக் கட்டியும் விட்டார்கள். அதுவே சுந்தரவரதப் பெருமாள் கோயிலின் மூன்றடுக்கு விமானம்.

வருத்தம் என்னவென்றால், உத்திரமேரூருக்கு வருவோரில் பலர் அந்த மலையை ஏறாமலே திரும்பிவிடுகின்றனர். ஆழ்வார்களின் பாசுரம் பெறாத தலமாதலால் 108 திவ்யதேசப் பட்டியலில் இதற்கு இடமில்லை. பட்டியலை வைத்துக்கொண்டு புறப்படும் யாத்திரைப் பேருந்துகளுக்கு இங்கே நிற்கத் தோன்றுவதில்லை. பள்ளிக் குழந்தைகளுக்கோ வேறொரு பட்டியல். வைகுண்டப் பெருமாள் கோயிலின் குடவோலைக் கல்வெட்டு, ஒரு புகைப்படம், பிறகு சிற்றுண்டி!

அந்தக் கல்வெட்டைப் பார்க்கவேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். முதற் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919, 921ஆம் ஆண்டுகளில், ஊர்ச்சபை வகுத்த விதிகள் அங்கே கல்லில் நிற்கின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒன்றும் அறியாத ஒரு பாலகனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். பின்னைய விதியின்படி வயது 35க்கு மேல், 70க்குள் இருக்கவேண்டும். கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், சொந்த மனையில் வீடும் வேண்டும். வேதப் பயிற்சி வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயர் குடத்துக்குள் போகாது. அவருடைய உறவினர் பெயரும் போகாது! இன்றைய வாசகருக்கு இவ்விதியைப் படித்ததும் ஒரு பெருமூச்சு வரக்கூடும். வேதம் கற்ற, நிலமுடைய ஆடவர்களின் சபைதான் அது. ஊரார் அனைவரும் அதில் இடம்பெறவில்லை என்பதையும் மறைக்கவேண்டியதில்லை.

கல்வெட்டைப் பார்த்தபின் சுந்தரவரதர் சந்நிதிக்கு நடந்தே செல்வது நல்லது. பாடகம் என்னும் ஊரைச் சேர்ந்த பரமேசுவரன் என்ற தச்சர் இவ்வாலயத்தை எடுத்ததாகக் கல்வெட்டு கூறுகிறது. வைகானச ஆகம நூலான மரீசியின் விமானார்ச்சன கல்பம் சொல்லும் இலக்கணத்தோடு இவ்விமானம் எவ்வாறு பொருந்துகிறது என்பதை, பிரான்சுவா குரோவும் இரா. நாகசாமியும் எழுதி 1970இல் வெளிவந்த பிரெஞ்சு நூல் விரிவாக ஆராய்ந்திருக்கிறது. ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று கருவறைகள். கீழே நின்ற திருக்கோலத்தில் சுந்தரவரதர். நடுத்தளத்தில் அமர்ந்த கோலத்தில் வைகுண்டவரதர். உச்சியில் அரவணையில் கிடந்த கோலத்தில் அனந்தபத்மநாபர். கீழ்த்தளத்தின் ஏனைய மூன்று திசைகளிலும் அச்சுதவரதர், அநிருத்தவரதர், கல்யாணவரதர் எழுந்தருளியிருக்கின்றனர். நடுத்தளத்தில் கிருஷ்ணார்ச்சுனர், யோகநரசிம்மர், லட்சுமிவராகர். ஆக ஒரே விமானத்தில் ஒன்பது மூர்த்திகள். இவர்களைப் பாண்டவர்கள் வழிபட்டதாகத் தலவரலாறு சொல்கிறது. தியெங் மலையிலும் அதே ஐவரின் பெயர்கள் நின்றதை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. கடலுக்கு அப்பாலும் இப்பாலும், கோயில் கண்ட இடத்தில் பாண்டவர் வந்து போயிருப்பர் என்றே மக்கள் மனம் எண்ணியிருக்கிறது.

இத்தகைய மூன்றடுக்கு விமானங்கள் தமிழகத்தில் மிகச் சிலவே. காஞ்சிப் பரமேச்சுர விண்ணகரம், மதுரைக் கூடலழகர் கோயில், திருக்கோஷ்டியூர் ஆகியவை பலரும் அறிந்தவை. உத்திரமேரூரில் கூட்டம் குறைவாதலால் அவசரமில்லை. மேல்தளங்களைத் தரிசிக்கும் நேரத்தை அர்ச்சகரிடம் முன்னதாகக் கேட்டறிந்து, நிதானமாக ஏறலாம். படி ஏறி அமர்ந்த பெருமாளைச் சேவித்து, மறுபடியும் ஏறிக் கிடந்த பெருமாளைக் காணும்போது, மலையேறியவனின் மூச்சு ஏறுபவருக்கு வந்துவிடுகிறது. சிகரத்தை அடைந்தால் அங்கே இறைவன் உறங்குகிறான். அடியார் குரல் தானாகவே தாழ்ந்துவிடும்.

குடும்பமாக வருவோர்க்கு இங்கே ஒரு தயக்கம் எழுவது இயல்பு. முழங்கால் வலியுள்ள பாட்டி என்ன செய்வார்? பேரக்குழந்தைகள் மேலே ஓடிவிட, அவர் கீழே தனித்து நிற்கவேண்டுமே! ஆனால் விமானத்தின் அமைப்பையே பார்த்தால் அவருக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. கோயிலின் மூலநாயகர் கீழேதான் நிற்கிறார். படியேற இயலாதவரை எதிர்கொள்ள எழுந்து வந்தவர்போல நிற்கிறார். நால்வரை வலம் வந்து, ஆனந்தவல்லித் தாயாரையும் சேவித்துவிட்டு, பாட்டி தூணோரம் அமர்ந்திருக்கலாம். இறங்கிவரும் குழந்தைகள் மேலே கண்டதைச் சொல்ல, கேட்பதற்கும் ஒருவர் வேண்டும் அல்லவா?

மாலையில் ஏரிக்கரைக்குப் போகவேண்டும். தந்திவர்மனின் விருதுப்பெயரால் வைரமேக தடாகம் என்று அக்காலத்தில் பெயர்பெற்ற பேரேரி இது. சபையின் ஏரி வாரியத்துக்கு ஆண்டுதோறும் அறுவரைத் தேர்ந்தெடுத்தனர். தூர் வாருவதற்கென்றே ஊரார் அறக்கொடை அளித்தனர். கோயிலில் மலையைக் கட்டிய ஊர், அதன் அடியில் ஒரு கடலையும் காத்துவந்தது.

நிஜமாகவே ஒரு குன்றில் ஏறவேண்டும் என்று குழந்தைகள் அடம்பிடித்தால், அதற்கும் வழியுண்டு. மறுநாள் வடக்கே பாலாற்றங்கரையிலுள்ள பழைய சீவரத்துக்குச் செல்லலாம். பத்மகிரி எனப்படும் சிறு குன்றில் லட்சுமி நரசிம்மர் கோயில் கொண்டிருக்கிறார். காஞ்சி வரதராஜரின் மூலவர் திருமேனி இவ்விடத்திலிருந்தே எழுந்தருளியது என்பர். அதனால்தானோ என்னவோ, ஆண்டுதோறும் பொங்கலையொட்டி, பார்வேட்டைக்காக வரதர் காஞ்சியிலிருந்து புறப்பட்டு இக்குன்றுக்கு வருகிறார். நம்மவர் தோளில் பையைச் சுமந்து மலையூர்களுக்குச் செல்ல, இங்கே மலைக்குச் செல்லும் பெருமாளை அடியார்கள் தோளில் சுமக்கின்றனர். வழியில் ஊர்தோறும் மண்டகப்படி. கரும்பும் மஞ்சளும் வீட்டு வாசலில் சாய்ந்திருக்கும் நாட்களில், உறங்காமல் காத்திருந்து கற்பூரம் காட்டும் கிராமங்கள் அவை.

குன்றிலிருந்து இறங்கிய வரதர் நரசிம்மரோடு மறுகரைக்கு எழுந்தருளுகிறார். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடல் அது. சாலவாக்கம், காவாந்தண்டலம் ஆகிய ஊர்களின் பெருமாள்களும் அங்கே வந்து சேர, திருமுக்கூடல் வேங்கடேசரோடு ஐவரையும் ஒரே இடத்தில் சேவிக்கலாம். அவ்வாலயச் சுவரில் வீரராசேந்திர சோழனின் நெடிய கல்வெட்டு உள்ளது. 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலை, அதற்கு ஒரு மருத்துவர், ஒரு சல்லியவைத்தியர், பணிவிடைப் பெண்கள், மூலிகை கொணர்வோர் என்று ஒவ்வொருவர்க்கும் ஊதியம் குறித்திருக்கிறான். கூட்ட நெரிசலில் அச்சுவரைப் பார்க்க இயலாது. அதற்கு வேறொரு நாள் வரவேண்டும்.

மாட்டுப்பொங்கலன்று ஆற்றில் நீர் இருந்தால் நனைந்தும், இல்லையெனில் மணலில் கால் புதையவும் மக்கள் கரைகடந்து வருகின்றனர். ஐவர்க்கும் தீபாராதனை ஆனபின் அவரவர் பல்லக்கு அவரவர் ஊர் நோக்கித் திரும்புகிறது. எல்லோரிலும் நெடுவழி செல்லவேண்டியவர் வரதர். காஞ்சி சுமார் 20 கி.மீ.