கிளினிக் கம்ப்யூட்டர்ல ஒட்டியிருக்கிற குட்டி புரோகிராம்கள்

1/ மேல்விஷாரத்துல குரோம்னா தோல் பதனிடுற உப்பு. கை அரிப்போட வர்ற தொழிலாளிங்களுக்கு நல்லாத் தெரியும். இந்த த்ரெட் இன்னொரு குரோம் பத்தி, அதான் நம்ம ப்ரவுசர்.

2/ போன வாரம் கிளினிக்ல லேப் ரிப்போர்ட் திறந்தேன். நடுவுல விளம்பரம்! பார்த்தா ப்ரவுசர்ல 7 எக்ஸ்டென்ஷன். பிடிஎஃப் மாத்த ஒண்ணு, கூப்பனுக்கு ஒண்ணு... எல்லாம் நானே போட்டது. கூப்பனை நிறுத்தினதும் விளம்பரம் நின்னுச்சு.

3/ எக்ஸ்டென்ஷன் ப்ரவுசருக்குள்ளயே ஓடுற குட்டி புரோகிராம். எல்லா தளத்துக்கும் அனுமதி கொடுத்துட்டா, நீங்க படிக்கிறதை அதுவும் படிக்கலாம். இணைப்போட என்கிரிப்ஷன் வழியில திருட்டைத்தான் தடுக்கும். இது வீட்டுக்குள்ளயே இருக்கு.

4/ 'தி கிரேட் சஸ்பெண்டர்' ஞாபகம் இருக்கா? லட்சக்கணக்கானவங்க நம்பிப் போட்டது. 2020ல கை மாறுச்சு. 2021 பிப்ரவரியில மால்வேர்னு கூகுளே தூக்கிடுச்சு. போடும்போது நல்லதா இருந்தது, அப்டேட்ல மாறிடலாம்.

5/ டாக்டர்களே, பழைய மருந்துச் சீட்டை சரிபார்க்கிற மாதிரி எக்ஸ்டென்ஷன் லிஸ்ட்டையும் பாருங்க. தேவையில்லாததை நீக்குங்க. ரிப்போர்ட் பார்க்க எக்ஸ்டென்ஷனே இல்லாத தனி ப்ரொஃபைல் வைங்க.

6/ அன்னைக்கு நான் திறந்தது ஒரு எச்ஐவி ரிசல்ட். நம்மளது சின்ன ஊரு. ஒரு பேர் வெளிய போனா ஒரு கல்யாணம் நின்னுடும். அந்தப் பையன் என்னை நம்பித்தான் வந்தான், கூப்பனை நம்பி இல்ல.