நுழைதலும் விலகுதலும்

கார் ஓட்டப் பழகுவது என்றால் ஸ்டியரிங்கைத் திருப்பவும், கிளட்சை மிதித்துக் கியர் மாற்றவும் கற்பதுதான் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஊருக்குள் ஓட்ட அது போதும் என்றும் தோன்றும். ஆனால் நெடுஞ்சாலை தனி உலகம். அதனுள் நுழைவதும், அதைவிட்டு விலகுவதும் தனியே பயில வேண்டிய பாடங்கள். பழகுநர் உரிமம் பெற்றுப் பயிற்சிப் பள்ளிக்குச் சென்றுவரும் எனக்கு, இவ்விரண்டுமே பெரிய பாடங்களாகத் தெரிகின்றன.

அதற்குக் காரணம் உண்டு. எங்கள் நாமக்கல் லாரிகளுக்குப் பெயர் பெற்ற ஊர் என்பதை நண்பர்கள் அறிவீர்கள். முன்பு 7-ஆம் எண்ணால் வழங்கி, இன்று ஸ்ரீநகர் முதல் கன்னியாகுமரி வரை 44-ஆம் எண்ணுடன் நீளும் தேசிய நெடுஞ்சாலை எங்கள் ஊர் வழியே செல்கிறது. என் தந்தையார் லாரி ஓட்டுநர். அச்சாலையில் இரவு பகலாக வந்துபோகும் வண்டிகளுள் ஒன்று அவருடையது. சர்வீஸ் ரோட்டின் முனையில் 'எல்' பலகை மாட்டிய காரில் அமர்ந்திருக்கும்போது, பின்னால் வரும் ஒவ்வொரு லாரியையும் யாரோ ஒரு வீட்டின் தந்தை ஓட்டி வருகிறார் என்ற நினைவு எனக்கு எழாமல் இருப்பதில்லை.

'மெதுவாகப் போனால் ஆபத்தில்லை' என்பது புதிதாக ஓட்டுபவரின் நம்பிக்கை. தெருவில் அது மெய். நெடுஞ்சாலையில் நுழையும்போது அது பொய். கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி விநாடிக்கு 22 மீட்டர் கடக்கிறது. 30 கிலோமீட்டர் வேகத்தில் நுழையும் காரோ விநாடிக்கு 8 மீட்டர்தான் நகர்கிறது. 70 மீட்டர் பின்னால் வரும் லாரி ஐந்தே விநாடியில் காரை எட்டிவிடும். பாரம் ஏற்றிய லாரி என்ன, மாட்டு வண்டியா, அதட்டியதும் நிற்க?

"வேகத்தைச் சேத்துக்கிட்டு ரோட்டுல சேரு தம்பி, ரோட்டுல சேந்த பொறவு வேகத்தைச் சேக்காத" என்பார் எங்கள் பயிற்சியாளர் அண்ணன். இணைப்புத் தடம் நீளமாக இருந்தால் வலப்பக்க இண்டிகேட்டரைப் போட்டு, கண்ணாடியைப் பார்த்து, கண்ணாடியில் விழாத இடத்தை வலத்தோளுக்குப் பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்து, வேகத்தைக் கூட்டி இடது ஓரத் தடத்தில் சேர வேண்டும். தடம் குறுகியதானால் நின்று, பெரிய இடைவெளிக்குக் காத்திருக்க வேண்டும். பின்னால் எத்தனை ஹாரன் ஒலித்தாலும் அவசரப்படலாகாது.

விலகும்போது முறை தலைகீழ். முன்கூட்டியே இடப்பக்கம் வந்து, இண்டிகேட்டரைப் போட்டு, பிரதான சாலையைவிட்டு இறங்கிய பின்பே வேகத்தைக் குறைக்க வேண்டும். நெடுநேரம் விரைந்து வந்த கண்ணுக்கு 60 கிலோமீட்டர் வேகமும் ஊர்வதுபோலத் தோன்றும். அப்போது கண்ணை நம்பாமல் ஸ்பீடாமீட்டரை நம்ப வேண்டும்.

திருப்பத்தைத் தவறவிட்டால்? அடுத்த திருப்பம் வரை சென்று வருவதே அறிவுடைமை. சிலர் அங்கேயே ரிவர்ஸ் எடுக்கிறார்கள். சிலர் எதிர்த்திசையிலேயே வருகிறார்கள். "ராத்திரியில எதுத்தாப்புல வெளிச்சம் தெரிஞ்சா, தடுப்புக்கு அந்தாண்ட வர்ற வண்டின்னுதான் நெனைப்போம். நம்ம பக்கமே வருதுன்னு தெரியறப்ப எல்லாம் முடிஞ்சுபோகும்" என்று அப்பா ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். அம்மா அன்று வெகுநேரம் பேசவில்லை.

நண்பர்களே! நம்முள் பலர் இருசக்கர வண்டிகளில் அச்சாலை வழியாகவே நாள்தோறும் கல்லூரிக்கு வருகிறோம். நமக்கும் இவ்விதிகள் பொருந்தும். காத்திருக்கும் அரை நிமிடத்தாலும், சுற்றி வரும் ஐந்து கிலோமீட்டராலும் எந்த வகுப்பும் தவறிப்போய்விடாது. நம்மையும், நமக்குப் பின்னால் வருபவரையும் வீட்டில் காத்திருப்போர் உண்டு என்பதை மட்டும் மறவாதிருப்போம்.