பாட்டிலின் பின்பக்கம்

அமெரிக்காவில் பிஸ்கட் பாக்கெட்டில் சேர்மானங்களை அச்சிட்டே ஆக வேண்டும். தரை துடைக்கும் திரவத்துக்கு நாடு தழுவிய அப்படியொரு கட்டாயம் இல்லை. கலிஃபோர்னியா 2017இல் தனிச்சட்டம் இயற்றி, 2020 முதல் இணையத்திலும் 2021 முதல் லேபிளிலும் உள்ளிருக்கும் வேதிப்பொருள்களைச் சொல்ல வைத்தது. தொழில் ரகசியம் போய்விடும் என்பது இதற்கு எதிரான வழக்கமான வாதம். சட்டம் கேட்பது பெயர்களை, அளவுகளை அல்ல. ஆபத்துப் பட்டியலில் இல்லாத சேர்மானத்தை ரகசியமாக வைத்துக்கொள்ளவும் அதில் இடமுண்டு. (இது கொஞ்சம் தாராளம்தான்.)

இந்தப் பொடி எழுத்தை யார் படிக்கப்போகிறார்கள் என்றும் கேட்கலாம். எல்லாரும் படிக்க வேண்டியதில்லை. ஆஸ்துமாக்காரர் படிப்பார், கழிப்பறை கழுவுவதையே வேலையாகக் கொண்டவருக்கும் தெரிந்தாக வேண்டும். ப்ளீச்சும் அமோனியாவும் கலந்தால் மூச்சைத் திணறடிக்கும் குளோரமைன் வாயு எழும். எந்த பாட்டிலில் எது இருக்கிறதென்று தெரியாதவரிடம் 'கலக்காதீர்கள்' என்று எச்சரித்து என்ன பயன்?