பள்ளி வாசலில் நின்ற வேன்

ஆசிரியப் பணியில் நான் செய்த நல்லவற்றை எழுதுவது எளிது. இன்று நான் செய்த தவறு ஒன்றை எழுதுகிறேன். ஆசிரியர்களும் பெற்றோர்களும் இதனைப் படித்துச் சிந்திக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

2022-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் நடந்தது இது. தங்கா பத்து வட்டாரத்தில் நான் பணியாற்றிய பள்ளியின் வெளிவாசலுக்கு அருகே, இரவுதோறும் பழைய வேன் ஒன்று நிற்பதாகப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒருவர் கூறினார். கண்ணாடிகளைத் துணி கொண்டு மறைத்திருக்கிறார்களாம். விடிவதற்குள் வேன் போய்விடுகிறதாம். திருட்டுக் கும்பலாக இருக்குமோ என்று பலரும் ஐயுற்றனர். இரவில் வாகனம் நிறுத்தக் கூடாது என்று அறிவிப்புப் பலகை வைக்கலாம், பாதுகாவலரிடமும் சொல்லிவைக்கலாம் என்று முன்மொழிந்தவன் நான்தான். யாரும் மறுக்கவில்லை. அந்த வாரமே பலகை வைக்கப்பட்டது.

அதன்பின் நான்கு நாள்கள் என் வகுப்பு மாணவி ஒருத்தி பள்ளிக்கு வரவில்லை. நான்காம் ஆண்டுப் பிள்ளை. எல்லாருக்கும் முன்னதாகத் தம்பியுடன் வந்து, கழிவறைக் குழாயில் முகம் கழுவித் தலைவாரிக் கொள்வாள். சுறுசுறுப்பான பிள்ளை என்று நான் பலமுறை பாராட்டியதுண்டு. ஐந்தாம் நாள் தாமதமாக வந்தவளிடம் காரணம் கேட்டேன். தலைகுனிந்தபடி, "இப்ப ரொம்பத் தூரத்துல நிறுத்துறோம் ஐயா" என்றாள்.

எனக்கு விளங்கச் சற்று நேரமாயிற்று. விளங்கியபோது அவள் முகத்தைப் பார்க்க என்னால் இயலவில்லை.

அன்று மாலை அவளுடைய தந்தையைச் சந்தித்தேன். அவர் பள்ளி வேன் ஓட்டுநர். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. அவ்வாண்டும் அடுத்த ஆண்டும் பள்ளிகள் திறப்பதும் மூடுவதுமாக இருந்தன. பிள்ளைகள் இல்லையேல் வேனுக்கு வருமானம் ஏது? வாடகைப் பாக்கி ஏறிக்கொண்டே போனது. வேனை விற்று வீட்டைக் காப்பதா, வீட்டை விட்டு வேனைக் காப்பதா என்ற நிலை வந்தது. "வீடு போனா வேற வீடு தேடலாம் ஐயா. வேன் போனா சோறே போயிடும்" என்றார். மனைவிக்கு பத்து பெரெண்டாம் தொழிற்சாலை ஒன்றில் இரவுப் பணி. பிள்ளைகள் இருவரும் இரவில் தந்தையோடு வேனில்.

எங்கெல்லாம் நிறுத்தினார் என்று கேட்டேன். முதலில் எண்ணெய் நிலையம். விளக்கும் கழிவறையும் உண்டு. ஆனால் மூன்றாம் இரவே பணியாளர் வந்து விசாரித்தார். பிறகு கிளேபாங் கடற்கரை. வார இறுதிகளில் நள்ளிரவு வரை கூட்டம். மோட்டார் சைக்கிள் இரைச்சலில் சிறுவன் அழுவான். தாமான் சாலையோரத்தில் நிறுத்தினால் குடியிருப்பாளர்கள் காவல் துறையை அழைப்பார்கள். கண்ணாடியைத் திறந்தால் கொசு, மூடினால் புழுக்கம். இயந்திரத்தை ஓடவிட்டுக் குளிர்சாதனம் போடவும் அஞ்சினார். 2020 செப்டம்பரில் பினாங்கு மாநிலத்தில் காருக்குள் உறங்கிய இளம்பெண்கள் மூவர் கார்பன் மோனாக்சைடு நச்சுவாயுவால் இறந்த செய்தியை அவர் மறக்கவில்லை.

"உங்க பள்ளி வாசல்ல விடிய விடிய விளக்கு எரியும். காவலர் இருப்பார். காலையில பிள்ளைங்க நேரத்துக்கு உள்ளே போயிடுவாங்க. அதை விட நல்ல இடம் எனக்குக் கிடைக்கல ஐயா."

பாதுகாவலருக்கு எல்லாம் தெரிந்திருந்ததாம். சில இரவுகளில் சுடுநீரும் கொடுத்திருக்கிறார். எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று அவரைக் கேட்டேன். "சொன்னா விரட்டச் சொல்வீங்கன்னு நினைச்சேன்" என்றார். அவர் நினைத்தது சரிதானே?

தந்தை வாய் திறவாததற்கு வேறு காரணம் இருந்தது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளையைப் பாதுகாப்பான இடத்திற்குக் கொண்டு செல்ல, 2001-ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டம் சமூகநல அதிகாரிக்கு அதிகாரம் தருகிறது. நல்ல நோக்கமுடைய சட்டம்தான். ஆனால் அந்தத் தந்தையின் காதில் அது 'பிள்ளைகளைப் பிரித்துவிடுவார்கள்' என்றே ஒலித்தது.

இவருடைய பெற்றோர் பால்மரம் சீவியவர்கள். தோட்டத்தில் வேலை போனால் லயத்து வீடும் போகும். 1950-களில் தொடங்கிய தோட்டத் துண்டாடலில் நம்மவர் பலர் அப்படித்தான் நின்றார்கள். துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்ததும் அந்தத் துயரத்தின் விளைவே. ஆனால் அன்று வீடிழந்தவர்கள் கூட்டமாக நின்றார்கள், ஊருக்குத் தெரிந்தது. இன்று வீடிழப்பவர் தனியாக, துணி மறைத்த கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறார்.

தலைமையாசிரியரிடம் பேசினேன். அரசுப் பள்ளி வளாகத்தில் இரவில் குடும்பத்தைத் தங்கவைக்க அவரால் இயலாது. ஆனால் அவரே அருகிலுள்ள கோயில் நிருவாகத்தினரிடம் பேசினார். இரவு ஒன்பது மணிக்கு வாயிற்கதவைப் பூட்டும் முன் வேன் உள்ளே வரலாம், காலை ஆறு மணிக்குப் புறப்படலாம், குளியலறைத் திறவுகோல் அவரிடமே இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். அவ்வளவுதான் ஏற்பாடு. இரண்டு மாதத்தில் முன்பணம் சேர்த்து, சிறு வாடகை வீடு ஒன்றுக்குக் குடிபோனார்கள். சமூகநல இலாகாவுக்கு நானும் உடன் சென்றேன். பிள்ளைகளை யாரும் பிரிக்கவில்லை.

பின்னர் படித்தறிந்தேன்: அமெரிக்காவின் சாந்தா பார்பரா நகரில் 2004 முதல் இதனை ஒரு திட்டமாகவே நடத்துகிறார்கள். இரவில் வெறுமையாகக் கிடக்கும் தேவாலய, அலுவலக வாகன நிறுத்துமிடங்களை, வாகனத்தில் உறங்குவோருக்கு ஒதுக்குகிறார்கள். நம் ஊரில் கோயில்களும் மண்டபங்களும் குறைவா? சுற்றுமதில், விளக்கு, தண்ணீர், பூட்டுப் போட்ட கதவு. ஒரு குடும்பம் அச்சமின்றி ஓர் இரவு உறங்க இவை போதுமே.

அன்பான ஆசிரியர்களே, மிக முன்னதாகப் பள்ளிக்கு வரும் பிள்ளையைப் பாராட்டுங்கள். அதோடு, இரவு எங்கே உறங்கினாய் என்று தனியே அழைத்து அன்போடு கேளுங்கள். பெற்றோர்களே, உங்கள் வாசலில் அறியாத வண்டி நின்றால் எச்சரிக்கை வேண்டியதுதான். ஆனால் பலகை வைக்குமுன் ஒருமுறை போய்க் கண்ணாடியைத் தட்டிப் பாருங்கள்.

நான் தட்டிப் பார்க்கவில்லை. உள்ளே என் மாணவி உறங்கிக்கொண்டிருந்தாள்.