தாய்ச்செடியின் பருவம்

தண்டுத் துண்டுகளை வெட்டி நட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. வட இந்தியாவில், உரிமம் பெற்ற ஓர் ஆய்வகத்தின் வளர்ப்பறையில், ஒரே தாய்ச்செடியிலிருந்து எடுத்த 24 கஞ்சாக் குளோன்கள் வேர்பிடித்து நின்றன. ஆனால் குருத்திலிருந்து புதிதாக வந்தவை கஞ்சா இலைகளாகவே தோன்றவில்லை. விரித்த கைபோல ஐந்தும் ஏழுமாகச் சிற்றிலைகள் விரிய வேண்டிய இடத்தில் ஒற்றை இலை, ரம்பப்பல் விளிம்புக்குப் பதிலாக வழவழப்பான ஓரம், முறுக்கிக்கொண்ட நடுநரம்பு. அவற்றைப் பராமரித்துவந்த ஆய்வு மாணவி அன்று மாலை விடுதிக்குத் திரும்பவில்லை.

அவருடைய அச்சத்துக்குக் காரணம் இருந்தது. தாய்ச்செடியின் பூக்களைப் பகுப்பாய்வு செய்தபோது டிஹெச்சி மிகக் குறைவாகவும் சிபிடி மிகுதியாகவும் இருந்தன. அவர் தேடிக்கொண்டிருந்த செடி அதுதான். மாதிரிக்காக அச்செடியை முழுமையாக அறுவடை செய்தாயிற்று. இனி அந்த வழி இந்த 24 கன்றுகளில்தான் வாழ வேண்டும்.

முதலில் சிலந்திப்பேனை ஐயுற்றார். மிளகாய் இலையைக் கீழ்நோக்கிச் சுருட்டும் அகலச் சிலந்திப்பேன் கஞ்சாவின் குருத்தையும் முறுக்கக் கூடியது. நுண்ணோக்கியில் பேனும் இல்லை, முட்டையும் இல்லை. கால்சியம் குறைவானால் இளம் இலைகளில் பழுப்புப் புள்ளிகள் தோன்றும்; இங்கு நிறம் பசுமையாகவே இருந்தது. எஞ்சி நின்றது ஹாப் உள்ளுறை வைராய்டு. வெறும் 256 நியூக்ளியோடைடுகள் கொண்ட ஆர்என்ஏ வளையம். ஒரு புரதத்தையும் உருவாக்காதது. ஆயினும் செடியைக் குன்றச் செய்வது. 2019-இல் கலிபோர்னியக் கஞ்சாத் தோட்டங்களில் இது கண்டறியப்பட்டதைப் பற்றி அவர் நிறையவே படித்திருந்தார். வெட்டும் கத்தி வழியாகவே அது ஒரு செடியிலிருந்து மறுசெடிக்குத் தாவும் என்பதையும் அறிவார்.

மாதிரிகள் ஆர்டி-பிசிஆர் சோதனைக்குச் சென்றன. முடிவு வரும்வரை காத்திருக்க அவரால் இயலவில்லை. தொற்று பரவிவிடுமென அஞ்சி, மிக மோசமாகத் திரிந்திருந்த 9 கன்றுகளைப் பிடுங்கி அழித்தார். உரிமத்தின் கீழ் நடக்கும் ஆய்வில் ஒவ்வொரு கன்றுக்கும் எண் உண்டு. அழித்தால் காரணம் எழுத வேண்டும். பதிவேட்டில் 'நோய் ஐயம்' என்று எழுதிக் கையொப்பமிட்டார்.

சோதனையில் வைராய்டு இல்லை என்று வந்தது. அதற்குள் எஞ்சிய 15 கன்றுகளே விடையைச் சொல்லத் தொடங்கியிருந்தன. ஒற்றை இலைக்கு மேலே மூன்று சிற்றிலை கொண்ட இலை, அதற்கு மேலே ஐந்து, ஓரங்களில் பற்கள்.

அவர் பழைய குறிப்பேட்டைப் புரட்டினார். துண்டுகளை வெட்டிய தேதி அவர் கையெழுத்திலேயே இருந்தது. அன்று தாய்ச்செடி 12 மணி நேர இருளில் பூத்துக்கொண்டிருந்தது. பூங்கொத்தை நெருங்க நெருங்கச் சிற்றிலைகள் குறைந்து ஒற்றையாவது இச்செடியின் இயல்பு. பூக்கும் கிளையை வெட்டி 18 மணி நேர வெளிச்சத்தில் வைத்தால், குருத்து பூப்பருவத்திலிருந்து வளர்ச்சிப் பருவத்துக்குத் திரும்ப வேண்டும். அந்தத் திரும்புதலுக்குச் சில வாரங்கள் பிடிக்கும். இடைப்பட்ட காலத்து இலைகள் இப்படித்தான் இருக்கும். அது நோயன்று.

இதை அவர் அறியாதவர் அல்லர். குறுநாள் தாவரங்களின் பூப்பு பற்றி இளநிலை மாணவர்களுக்கு வகுப்பே எடுத்திருக்கிறார். ஆனால் குளோன் என்றால் மரபணுவின் நகல் என்றே அவர் மனத்தில் பதிந்திருந்தது. மரபணுவோடு தாய்ச்செடியின் பருவத்தையும் ஒரு தண்டுத் துண்டு சுமந்து வரும் என்பது, திரிந்த இலையைக் கண்ட கணத்தில் நினைவுக்கு வரவில்லை. வெளியிலிருந்து எது நுழைந்தது என்றே கேட்டார். இச்செடி எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை.

அழித்த 9 கன்றுகளின் எண்களையும் சரிபார்த்தார். அவற்றுள் 7, தாய்ச்செடியின் மேற்கிளைகளிலிருந்து, பூ மிகவும் முதிர்ந்திருந்த நுனிகளிலிருந்து எடுத்தவை. அவைதாம் மிகுதியாகத் திரிந்திருந்ததில் வியப்பில்லை. ஐயம் எழுந்தபோது அவற்றை வேறோர் அறைக்கு மாற்றித் தனிக் கத்தி வைத்துக்கொண்டிருந்தாலே போதும். தொற்று இருந்திருந்தாலும் பரவியிருக்காது, இல்லாதபோது கன்றுகளும் பிழைத்திருக்கும்.

நெறியாளரிடம் அவர் எதையும் மறைக்கவில்லை. பதிவேட்டில் எழுதியதை அடிக்கவும் இல்லை. அதன் கீழே, அன்றைய தேதியிட்டு, 'ஐயம் தவறானது. பருவ மாற்றமே காரணம்' என்று சேர்த்தார். பிறகு குளோன் படிவத்தில் ஒரு புதிய கட்டத்தை வரைந்தார்: 'வெட்டும்போது தாய்ச்செடியின் பருவம்'. மிஞ்சிய 15 கன்றுகளுக்கும் அதில் ஒரே சொல்லை, பதினைந்து முறை, தனித்தனியாக எழுதினார்: பூப்பு.